உங்களுக்குத் தெரியுமா? நிலாவும் ‘வாழத்தகுந்த’ இடத்தில்தான் இருக்கிறது!

★ மார்கழி விடியலில் சுள்ளி மூட்டிக் குளிர்காய்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கிட்டே போனால் சுடும். தள்ளி உட்கார்ந்தால் பல் தந்தியடிக்கும். நடுவில் இதமாக ஒரு வட்டம் இருக்கும். விண்மீன்களைச் சுற்றியும் அப்படி ஒரு வட்டம் உண்டு. அதற்குள் சுற்றும் கோளில், தண்ணீர் ஆவியாகாமலும் உறையாமலும் தரையில் தேங்கி நிற்க வாய்ப்பிருக்கிறது. அதைத்தான் ‘வாழ்தகு மண்டலம்’ என்கிறார்கள்.

★ நம் நிலாவும் அந்த மண்டலத்துக்குள்தான் இருக்கிறது! சூரியனிலிருந்து நாம் எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அதே தூரம்தான் அதற்கும். ஆனால் அங்கே நடுப்பகலில் 120 டிகிரி செல்சியஸ் கொளுத்தும். இரவில் மைனஸ் 130-க்கும் கீழே போகும். போர்த்திக்கொள்ளக் காற்று இல்லை. ‘பூமியைப் போலவே இன்னொரு கிரகம்!’ என்று அடுத்த முறை செய்தி வரும்போது நிலாவை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஏரியாவில் ஒரு மனை இருக்கிறது, அவ்வளவுதான் அந்தச் செய்தி. அதில் வீடு கட்டியிருக்கிறதா, குடி இருக்கிறார்களா என்பதெல்லாம் வேறு விஷயம்.

★ பூமிக்கும் காற்றுப் போர்வை இல்லாவிட்டால் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரிதான். நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து அதை 15 டிகிரிக்கு ஏற்றி வைத்திருக்கின்றன. அதே கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறிப்போன வெள்ளியில் தரை வெப்பம் சுமார் 465 டிகிரி. ஈயத்துண்டை வைத்தால் உருகி ஓடும்.

★ மண்டலத்தின் நட்டநடுவில் நாம் சொகுசாக இருப்பதாகத்தானே நினைப்பு? 2013-ல் ஆய்வாளர் ரவி கொப்பரப்புவும் சகாக்களும் ஒரு கணக்குப் போட்டார்கள். சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தை 1 என்று வைத்தால், மண்டலத்தின் உள் விளிம்பு 0.99! திண்ணையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறோம். மேகங்களையும் சேர்த்துப் பார்த்த வேறு கணக்குகள் நமக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்தன. ஆனால் சூரியன் 100 கோடி ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் பிரகாசம் கூடிக்கொண்டே போகிறது. ஏறத்தாழ அதே காலத்துக்குள் பூமியில் கடல்கள் வற்றத் தொடங்கிவிடும். அதற்காக வீட்டுக் கடன் தவணையை நிறுத்திவிடாதீர்கள்.

★ இவ்வளவு தொலைவில் இருக்கும் கோளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பெரும்பாலும் கோளைப் பார்ப்பதில்லை. விண்மீனைத்தான் வெறித்துப் பார்க்கிறார்கள். கோள் குறுக்கே போகும்போது விண்மீனின் ஒளி துளி மங்கும். அந்தத் துளி எவ்வளவு என்கிறீர்கள்? சூரியனைப் போன்ற விண்மீனுக்கு முன்னால் பூமியளவு கோள் ஒன்று கடந்தால், தேர்த் திருவிழாவுக்குக் கட்டிய 12,000 பல்புகளில் ஒன்று அணைந்த மாதிரி. கெப்ளர் தொலைநோக்கி 2009-லிருந்து 2018 வரை இந்த வேலையைப் பார்த்து, 2,600-க்கும் மேற்பட்ட கோள்களைக் காட்டிக்கொடுத்தது. சூரியனைப் போன்ற விண்மீனைச் சுற்றும் முதல் கோள் தெரியவந்தது 1995-ல்; 2025-ல் அயல்கோள்களின் எண்ணிக்கை 6,000-ஐத் தாண்டிவிட்டது.

★ நம் பால்வீதியில் நான்கில் மூன்று பங்கு விண்மீன்கள் ‘செங்குள்ளர்கள்’. மங்கலான தணல்கள். குளிர்காய ரொம்பக் கிட்டே போக வேண்டும். பக்கத்து வீடான பிராக்சிமா சென்டாரியை அப்படித்தான் ஒரு கோள் ஒட்டிச் சுற்றுகிறது. 2016-ல் அறிவித்தார்கள், அங்கே ஒரு வருடம் என்பது 11 நாள்தான். ஒரு முகத்தில் எப்போதும் பகல், மறு முகத்தில் எப்போதும் இரவு என்றிருக்கலாம். போதாக்குறைக்கு அந்த விண்மீன் அடிக்கடி தீப்பிழம்பு கக்கும் முரடு. தூரம் 4.24 ஒளியாண்டு. ‘பக்கத்து வீடு’ என்றதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடியாது. வாயேஜர்-1 விண்கலம் போகும் வேகத்தில் போனால் சுமார் 75,000 ஆண்டு பிடிக்கும்.

★ டிராப்பிஸ்ட்-1 என்ற செங்குள்ளனுக்கு ஏழு பிள்ளைகள், எல்லாம் பாறைக் கோள்கள். ஏழின் பாதைகளும் புதன் கோளின் பாதைக்குள்ளேயே அடங்கிவிடும். கண்டுபிடித்த பெல்ஜியக் குழு, தங்கள் நாட்டுத் துறவிகள் காய்ச்சும் பீரின் பெயர் வரும்படி தன் தொலைநோக்கிக்குப் பெயர் வைத்ததாம்; அதுவே இந்த விண்மீனுக்கும் ஒட்டிக்கொண்டது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 2023-ல் முதல் கோளை அளந்தது. பகல் பக்கம் சுமார் 230 டிகிரி, காற்று இருப்பதற்கான அடையாளம் இல்லை. மண்டலத்துக்குள் இருப்பது அதன் தம்பிகள் சிலர்தான்; அவர்களுக்காவது போர்வை இருக்கிறதா என்று ஆய்வு நடக்கிறது.

★ 2025 ஏப்ரலில் பத்திரிகைகளைக் கலக்கிய கே2-18பி நினைவிருக்கிறதா? 124 ஒளியாண்டு தூரம், பூமியைப் போல எட்டு மடங்குக்கும் மேல் எடை. வாரணாசி ஐ.ஐ.டி.யில் படித்து இப்போது கேம்பிரிட்ஜில் இருக்கும் நிக்கு மதுசூதனின் குழு, அதன் காற்றில் டைமெத்தில் சல்பைடின் சாயல் தெரிவதாகச் சொன்னது. இங்கே அந்த வாயுவை உண்டாக்குவது பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்கள். மெரினாவில் மூக்கில் ஏறுகிறதே கடல் வாசனை, அதில் இதற்கும் பங்குண்டு. உடனே ‘வேற்றுக்கிரக உயிர்!’ என்று தலைப்புகள் பறந்தன. கண்டுபிடிப்பு என்று முரசறைய ‘ஐந்து சிக்மா’ உறுதி வேண்டும் என்பது வழக்கம். இதில் இருந்தது மூன்று. அதே தரவை எடுத்துப் பார்த்த மற்றவர்களுக்கு அந்த வாயுவே தெளிவாகத் தெரியவில்லை. இன்னொன்று: உயிருக்கு வழியே இல்லாத 67பி வால்மீனிலும் இதே வாயு தென்பட்டிருக்கிறது. என்னைக் கேட்டால், தவறு ஆய்வாளர்களிடம் குறைவு. தலைப்பு போட்டவர்களிடம் அதிகம்.

★ மண்டலத்துக்கு வெளியே உயிரே கிடையாதா? 1977-ல் கலாபகோஸ் அருகே, சூரிய ஒளி எட்டாத கடலடியில், வெந்நீர் பீறிடும் வெடிப்புகளைச் சுற்றிப் புழுக்களும் சிப்பிகளும் கூட்டமாக வாழ்வதை ஆல்வின் நீர்மூழ்கி பார்த்தது. அதற்குப் பிறகு வியாழனின் நிலா யூரோப்பா மீது அறிவியலாளர்கள் பார்வையே மாறிப்போனது. அதன் பனி ஓட்டுக்கு அடியில் பெருங்கடல் இருப்பதற்கு வலுவான சான்றுகள் உண்டு. வியாழனின் ஈர்ப்பு அதைப் பிசைந்து பிசைந்து சூடாக்குகிறது. சூரியன் தயவு தேவையில்லை. 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030-ல் வியாழனைச் சென்றடைய வேண்டும்.

★ மே மாத நடுவில் கன்னியாகுமரிப் பக்கம் போனால், இரவு 11 மணி வாக்கில் தெற்கே கடலுக்கு மேலே பாருங்கள். அடிவானத்திலிருந்து சற்று உயரத்தில் இரண்டு பிரகாசமான விண்மீன்கள் அருகருகே நிற்கும். இடப்பக்கம் இருப்பது ஆல்ஃபா சென்டாரி. அதன் அருகில்தான் பிராக்சிமாவும் அதன் கோளும் இருக்கின்றன. வெறும் கண்ணுக்குத் தெரியாது.