100 எம்பிபிஎஸ் வேகம் இருந்தும் பேச்சு அறுவது ஏன்?

இணைய இணைப்பு விற்பவர்கள் விளம்பரத்தில் சொல்வது வேகம் ஒன்றைத்தான். வீடியோ அழைப்பில் மருத்துவரிடம் பேசும்போது குரல் பாதியில் அறுந்தால், நாமும் வேகம் போதவில்லை என்று நினைத்துக் கூடுதல் விலைத் திட்டத்துக்கு மாறிவிடுகிறோம். ஆனால் குரலுக்கு விநாடிக்கு 100 கிலோபிட் இருந்தாலே தாராளம். அது பெரும்பாலும் 20 மில்லிவிநாடித் துண்டுகளாக, விநாடிக்கு 50 பேக்கெட்டுகளாகப் போகிறது. யூடியூபில் காட்சிகள் சில விநாடிகள் முன்னதாகவே வந்து சேர்ந்துவிடுவதால் இடையில் நேரும் தாமதம் கண்ணில் படாது. உரையாடலை அப்படி முன்கூட்டிச் சேமிக்க வழியில்லை. அதிகத் தாமதமாக வரும் பேக்கெட்டைச் செயலி தூக்கிப் போட்டுவிடும். அது வராமல் போனதற்குச் சமம். ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஆகவே தாமதம், அதன் ஏற்ற இறக்கம், பேக்கெட் இழப்பு ஆகிய மூன்றுக்கும் நிறுவனத்தைப் பொறுப்பாக்காதவரை, எம்பிபிஎஸ் எனும் வேகக் கணக்கு வாடிக்கையாளருக்குப் பாதுகாப்பு தராது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 ஆகஸ்டில் வெளியிட்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சேவைத்தர விதிகளில் இந்த அளவுகோல்கள் இருக்கின்றன. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் இத்தகைய வரம்புகள் பெரும்பாலும் உரிமப் பகுதியின் சராசரியாகக் கணக்கிடப்படுபவை. சென்னையும் கொல்லிமலையும் ஒரே பகுதிக்குள் வருகின்றன. அண்ணா நகரின் நல்ல எண்ணிக்கை மலையூரின் மோசமான மாலை நேரத்தை மறைத்துவிடலாம். உங்கள் இணைப்புக்கென்று தனி உத்தரவாதம் வேண்டுமானால், இப்போதைக்கு அது நிறுவனங்கள் வாங்கும் விலை உயர்ந்த தனி லைனில்தான் கிடைக்கும்.

இணையம் பல கைகள் மாறி வருவது, வெளிநாட்டு சர்வருக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பேற்பது என்று நிறுவனங்கள் கேட்கும். நியாயமான கேள்வி. ஆனால் வீட்டிலிருந்து நிறுவனத்தின் மையம் வரையிலான தொலைவு முழுக்க அவர்களுடையது. மாலையில் நெரிசல் ஏற்படுவது பல நேரம் அங்கேதான். அந்தத் தொலைவுக்கான வரம்பைப் பில்லில் அச்சிட்டுத் தருவதில் என்ன தடை? அழைப்புக்கு முன்னுரிமை கொடுத்தால் இணையச் சமத்துவம் கெடும் என்ற வாதம் பாதிதான் சரி. காசு கொடுத்த செயலிக்கு மட்டும் வழிவிடுவதுதான் தவறு. நியாயமான நெரிசல் மேலாண்மைக்கு இணையச் சமத்துவ விதிகளிலேயே இடமுண்டு.

புகார் செய்யுமுன் வீட்டு வைஃபையைச் சந்தேகப்படுங்கள். லேன் கேபிளில் கணினியை இணைத்து, காலையிலும் இரவு எட்டு மணிக்கும், தாமதத்தை அளக்கும் பிங் கட்டளையை நூறு முறை ஓடவிடுங்கள். 20 மில்லிவிநாடி காட்டிய வரிகளுக்கு நடுவே 400 காட்டினாலோ, பதிலே வராத வரிகள் இருந்தாலோ திரையைப் படமெடுத்து வையுங்கள். 'நெட் ஸ்லோ' என்ற புகாரைத் தட்டிக்கழிப்பது சுலபம். இந்த எண்களை அப்படித் தள்ளிவிட முடியாது. வாடிக்கையாளர் சேவையில் புகாருக்கான டாக்கெட் எண் கேட்டு வாங்குங்கள். தீர்வு திருப்தியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் கட்டணமின்றி முறையிடலாம்; 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தனிநபர் புகார்களை டிராய் விசாரிப்பதில்லை, அங்கே எழுதிக் காத்திருப்பது வீண். தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் உறுதிப்படுத்தியிருக்கிறது. செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம்.