சைக்கியாட்ரிஸ்ட்கிட்ட முதல் நாள்: உள்ளே என்னதான் நடக்கும்?

ஐந்தாவது செமஸ்டரில் எனக்குத் தூக்கம் போச்சு. ராத்திரி 3 மணிக்கு முழிச்சா விடியுற வரைக்கும் ஃபேனையே பார்த்துட்டுக் கிடப்பேன். பசி இல்லை. கிளாஸ்ல எதுவும் மண்டையில ஏறலை. ரெண்டு அரியர். கடைசியில ரூம்மேட் சொல்லிச் சொல்லித்தான் சைக்கியாட்ரிஸ்ட்கிட்ட போனேன். வீட்ல சொன்னது, "ஸ்கின் டாக்டர்."

முதல் தடவை கிளினிக் வாசல் வரை போய்த் திரும்பி வந்துட்டேன். உள்ளே என்ன நடக்கும்னு தெரியாத பயம். சினிமால பார்த்த ஷாக் சீன் மட்டும்தான் மனசுல இருந்துச்சு. நீங்களும் அதே வாசல்ல நிக்கிறீங்கன்னா, இது உங்களுக்குத்தான்.

யார்கிட்ட போகணும்?

சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் மேற்படிப்பு படித்த டாக்டர். மருந்து எழுதுவார். சைக்காலஜிஸ்ட் பேச்சு மூலமாகவும் பயிற்சிகள் மூலமாகவும் உதவுவார். மருந்து எழுத மாட்டார். சிலருக்கு ரெண்டு பேரும் தேவைப்படும். 18 வயசு முடிஞ்சிருந்தா நீங்க தனியாவே போகலாம். காசு பிரச்சனைன்னா, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு ஓ.பி. இருக்கு. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிடுங்க.

உள்ளே என்ன கேட்பாங்க?

ஒரு மேஜை, ரெண்டு நாற்காலி, நிறையக் கேள்விகள். அவ்வளவுதான். எப்போ ஆரம்பிச்சது? தூக்கம், சாப்பாடு எப்படி? வீட்ல யாருக்காவது இப்படி இருந்திருக்கா? குடி, சிகரெட், கஞ்சா உண்டா? இது அட்வைஸ் பண்றதுக்காகக் கேட்கிற கேள்வி இல்லை. மறைச்சா சிகிச்சைதான் தப்பாகும். தைராய்டு, பி12 மாதிரி ரத்தப் பரிசோதனையும் எழுதலாம். தைராய்டு குறைஞ்சாலும் சோர்வு, மந்தம் எல்லாம் வரும்.

பேச வராதுன்னு பயமா இருந்தா, முந்தின நாளே ஒரு பேப்பர்ல எழுதிட்டுப் போங்க. நான் நாலு வரி எழுதிட்டுப் போய் அதை அப்படியே நீட்டினேன்.

ஒரு கேள்வி மட்டும் கஷ்டமா இருக்கும்: "சாகணும்னு தோணியிருக்கா?" நான் "இல்ல"ன்னு சொன்னேன். பொய். ரெண்டாவது விசிட்லதான் "ஆமா"ன்னேன். டாக்டர் பதறலை, திட்டலை. எவ்வளவு அடிக்கடி தோணுது, இப்போ கூட யார் இருக்காங்கன்னு நிதானமா கேட்டார். அதுக்கப்புறம்தான் என் சிகிச்சையே சரியான திசையில போச்சு. தயவுசெஞ்சு அந்தக் கேள்விக்கு முதல் நாளே உண்மையைச் சொல்லுங்க.

வெளியே சொல்லிடுவாங்களா?

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, நீங்கள் சொல்வதை ரகசியமாக வைத்திருக்க வேண்டியது அவர்கள் கடமை. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழ்நிலைகளில் வீட்டாரிடம் பேசுவார்கள். சந்தேகம் இருந்தால் பேச ஆரம்பிக்கும் முன்பே கேட்டுவிடலாம்.

மாத்திரை போட்டா அடிமை ஆயிடுவோமா?

எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது. மனச்சோர்வு மாத்திரைகள் போதைப் பழக்கம் மாதிரி ஆகாது. ஆனா அன்னைக்கே வேலை செய்யவும் செய்யாது. மாற்றம் தெரிய 2 முதல் 4 வாரம், சிலருக்கு அதுக்கு மேலயும் ஆகும். முதல் சில நாள் குமட்டல், தலைவலி வரலாம். ரொம்பப் படுத்தினாலோ, கெட்ட எண்ணம் அதிகமானாலோ உடனே டாக்டரைக் கூப்பிடுங்க. நீங்களா நிறுத்தாதீங்க. தூக்கத்துக்கும் படபடப்புக்கும் தர்ற சில மாத்திரைகள் பழக்கமாகலாம். அதனாலதான் அதைக் குறைஞ்ச நாளைக்கே எழுதுவாங்க. முதல் டாக்டர் செட் ஆகலைன்னா, இன்னொருத்தரைப் பார்க்கலாம். தப்பே இல்லை.

மூணு மாசம் கழிச்சு அம்மாகிட்ட உண்மையைச் சொன்னேன். "உன் ஸ்கின்ல ஒண்ணுமே இல்லியேடா, எனக்கு அப்பவே தெரியும்"னாங்க.

இன்னைக்கே யார்கிட்டயாவது பேசணும்னா 14416. டெலி மானஸ், மத்திய அரசின் இலவச உதவி எண். 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம். ராத்திரி 3 மணிக்கும்.