பீட்ரூட் முளைக்கவில்லையா? விதையைக் கழுவிப் போடுங்கள்

கேமரன் மலை, கியா பார்ம்: கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேல் உள்ள இவ்வட்டாரத்தின் குளிர் பீட்ரூட்டுக்கு ஏற்றது. ஆனாலும், வீட்டுத் தோட்டத்தில் விதைத்ததில் பாதிகூட முளைக்காமல் போவதுண்டு. விதை கெட்டுவிட்டது என முடிவு கட்டும் முன் அதன் ஓட்டைக் கவனிக்க வேண்டும்.

பாக்கெட்டில் இருக்கும் சொரசொரப்பான மணி தனி விதையன்று. சில விதைகளை உள்ளடக்கிய காய்ந்த காய்க்கொத்து. தக்கை போன்ற அதன் ஓட்டில் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன. அவை நீரில் கரையக்கூடியவை.

எனவே, விதைகளைச் சுமார் 2 மணி நேரம் நீரில் ஊறவைத்து, இடையில் நீரை மாற்றுங்கள். பிறகு வடிகட்டியில் போட்டு, குழாய் நீரில் அலசி, உடனே விதையுங்கள். நாள் கணக்கில் ஊறவிடக்கூடாது. ஓட்டில் நீர் தேங்கினால் விதைக்குக் காற்று கிடைக்காது.

ஆழம் 2 சென்டிமீட்டர், இடைவெளி 10 சென்டிமீட்டர் போதும். கனமழைக்குப் பின் மேல்மண் இறுகினால் முளை வெளிவராது. மட்கிய உரத்தை மெல்லியதாகத் தூவி மூடலாம்.

ஒரே இடத்தில் பல நாற்றுகள் வந்தால், வலுவானதை விட்டுவிட்டு மற்றவற்றைக் கத்தரியுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேர் அசையும். கத்தரித்ததைக் கீரையாகச் சமைக்கலாம்.

பழைய விதையா? 10 மணிகளை ஈரத் துணியில் சுற்றி, 10 நாள் ஈரம் காயாமல் வைத்துப் பாருங்கள். ஐந்துதான் முளைத்தால், இரு மடங்காக விதையுங்கள். ஒன்றும் முளைக்காவிட்டால் மட்டும் புதிய பாக்கெட் வாங்குங்கள்.