உங்களுக்குத் தெரியுமா? சினிமா படிக்க எவ்வளவு ஆகும்!

திருவல்லிக்கேணியில் பறக்கும் ரயில் ஏறுங்கள். பத்தாவது ஸ்டேஷன் தரமணி. அங்கே எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஒளிப்பதிவு, எடிட்டிங், ஒலிப்பதிவு, இயக்கம், அனிமேஷன் என்று நான்கு வருடப் பட்டப்படிப்பு, அதுவும் அரசுக் கட்டணத்தில்! போய்ச் சேர ரயிலுக்கு ஒரு பத்து ரூபாய்த் தாள் போதும்!

அமெரிக்காவில் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டிஷ் கலைப்பள்ளியில் ஒரு வருடப் படிப்புக் கட்டணம் மட்டும் 60,000 டாலருக்கு மேல். நம் பணத்தில் சுமார் 50 லட்சம்! சாப்பாடும் தங்குமிடமும் தனி!

செக் குடியரசின் பிராக் நகரில் 1946-ல் தொடங்கிய ஃபாமு திரைப்படப் பள்ளி இருக்கிறது. செக் மொழியில் படித்தால் கட்டணமே கிடையாது, எந்த நாட்டுக்காரராக இருந்தாலும்! ஆங்கில வகுப்பு என்றால் பணம் கட்ட வேண்டும். இரண்டு ஆஸ்கர் வாங்கிய இயக்குநர் மிலோஸ் ஃபோர்மன் அங்கே படித்தவர்தான்!

நம்ம தரமணிப் பள்ளிக்கு என்ன வயது தெரியுமா? பாலிடெக்னிக்கின் ஒரு பிரிவாக அது பிறந்த வருடம் 1945! நாடு சுதந்திரம் வாங்கவே இன்னும் இரண்டு வருடம் இருந்தது. பேர் பெற்ற புனே திரைப்படக் கல்லூரி வந்தது 1960-ல். நம்முடையதுதான் 15 வருடம் மூத்தது!

1986-ல் திரையரங்குகளை அதிரவைத்த 'ஊமை விழிகள்' படத்தை எடுத்தது யார்? இந்தத் திரைப்படக் கல்லூரி மாணவர்கள்! ஆபாவாணன் எழுத, அரவிந்தராஜ் இயக்க, விஜயகாந்த் நடிக்க, அதுவும் சினிமாஸ்கோப்பில்! அதுவரை 'படிச்ச பசங்களுக்குப் படம் எடுக்கத் தெரியாது' என்று சொல்லிக்கொண்டிருந்த கோடம்பாக்கம் கதவைத் திறந்துவிட்டது!

'நாயகன்' படத்தின் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது வாங்கிய பி.சி.ஸ்ரீராம் எங்கே படித்தார்? இதே கல்லூரியில்! ராஜீவ் மேனனும் இங்கேதான்! இப்பேர்ப்பட்ட இடம் நம்ம பேட்டையிலிருந்து பத்தே ஸ்டேஷன்!

ரஜினிகாந்த் சென்னையில் நடிப்புப் படிக்க வந்தபோது கையில் காசு இல்லை. தோள் கொடுத்தவர் பெங்களூரில் அவரோடு வேலை பார்த்த பஸ் டிரைவர் நண்பர் ராஜ் பகதூர். 2021-ல் தாதா சாகேப் பால்கே விருது வாங்கிய மேடையில் ரஜினி அவர் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார்!

புனே திரைப்படக் கல்லூரியில் மட்டும் எல்லாம் மலிவு என்று நினைக்காதீர்கள். 2013-ல் வருடத்துக்கு 55,380 ரூபாயாக இருந்த கட்டணம், 2020-ல் 1,18,323 ரூபாய்! நுழைவுத்தேர்வுக் கட்டணமும் சேர்ந்து ஏற, 2019 டிசம்பரில் மாணவர்கள் உண்ணாவிரதமே இருந்தார்கள்! எளிய வீட்டுப் பிள்ளைகளுக்காக அவர்கள் பட்டினி கிடந்தது நியாயம்தான்!

தென்னிந்தியாவின் முதல் மௌனப்படமான 'கீசக வதம்' எடுத்த நடராஜ முதலியார் எந்தக் கல்லூரியிலும் சினிமா படிக்கவில்லை. மோட்டார் உதிரிபாக வியாபாரி! புனேக்குப் போய் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஒளிப்பதிவாளரிடம் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டு வந்துவிட்டார்!

புகைப்படத்துக்கு வருவோம். எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரி, அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850-ல் தொடங்கியது. அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே அங்கே புகைப்படம் சொல்லிக்கொடுத்தார்கள்! புகைப்படக்கலை உலகுக்கு அறிமுகமானதே 1839-ல்தான்!

அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையா? மாணவிக்குப் புதுமைப் பெண், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன். கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய்! மாணவிகளுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டும் இல்லை!

தனியார் நிறுவனங்களில் கணக்கு லட்சத்தில்தான் தொடங்கும். கேமரா, லென்ஸ், குறும்படச் செலவு யார் தலையில் என்று முதலிலேயே கேளுங்கள். சான்றிதழா, பட்டமா என்றும் கேளுங்கள்! தரமணியில் இடங்கள் மிகக் குறைவு. ஒளிப்பதிவுக்கு +2-வில் இயற்பியலும் வேதியியலும் படித்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் கேமராப் பைத்தியம் யாராவது இருந்தால், லட்சங்களைக் கட்டும் முன் தரமணி விண்ணப்பத்தை வாங்கிப் போடுங்கள்!