வாகன ரேடியோவும் ஏரியலும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரை செல்லும் பெருஞ்சாலையை அடுத்த மருங்காபுரிப் பகுதியில் மானாவாரிச் சாகுபடி மிகுதி. பறித்த நிலக்கடலையைக் களத்தில் உலர்த்தியிருக்கும் குடியானவருக்கு மழைக்குறிப்பு ஒரு நாள் முன்னதாகக் கிடைப்பது அற்ப விஷயமன்று. திருச்சி வானொலி நிலையம் 1939-ம் வருஷம் மே மாதம் 16-ந் தேதி தொடங்கப்பெற்றது. 1960-களில் வானொலியின் வாயிலாகப் பரவிய ஏ.டி.டி. 27 நெல்லுக்குத் தஞ்சைக் குடியானவர்கள் 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டனர்.

ஆயினும், வீட்டில் தெளிவாக ஒலிக்கும் ரேடியோ ஜீப்பில் வைத்ததும் இரையத் தொடங்குகிறது. வண்டியின் இரும்புக் கூடு அலைகளை உள்ளே விடாது தடுப்பதே காரணம். இதையறியாது, பெட்டியின் மீது பழி சுமத்தி அதிக விலையில் வேறொன்று வாங்குவோர் பலர். பெரும்பாலும் குற்றம் ஏரியல் கம்பியில்தான் இருக்கும்.

பண்பலை ஒலிபரப்பின் அலைநீளம் ஏறக்குறைய 3 மீட்டர். அதில் கால் பங்காகிய 75 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பி நன்கு பயன்படும். மத்திய அலையோ நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுடையது; அதன் கால் பங்கை எவ்வண்டியும் சுமக்க இயலாது. ஆகவே அதற்குக் கம்பியின் உயரமும் இணைப்பின் சுத்தமுமே முக்கியம்.

கூரையின் நடுவிடம் உத்தமம். கூரையில்லாத டிராக்டரில் எஞ்சினுக்கு எட்டிய மட்கார்டில் பொருத்தலாம். பெட்ரோல் எஞ்சினின் தீப்பொறி ரேடியோவில் படபடவென்று கேட்கும்; டீசல் எஞ்சினில் அத்தொல்லை இல்லை. அடித்தட்டு பதியுமிடத்தில் பெயிண்டைச் சுரண்டி, உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, இறுக முடுக்கி, மேலே கிரீஸ் தடவ வேண்டும். காசு செலவில்லாத இவ்வேலையைச் செய்யாமல் விடுவதாலேயே நல்ல கம்பிகளும் கெட்ட பெயர் எடுக்கின்றன. ஏரியல் கேபிள் நீளம் போதாவிடின் சாதாரண மின்கம்பியை ஒட்டுப்போடலாகாது.

மலிவான மடக்குக் கம்பிகளின் மூட்டுகளில் செம்மண் புழுதி புகுந்து துருவேறும். துருப்பிடியா எஃகினால் ஆகி, அடியில் சுருள்வில் கொண்ட ஒற்றைக் கம்பி, புளியங்கிளையில் மோதினாலும் வளைந்து நிமிரும். சற்று விலை கூடினும் இதுவே லாபம்.

வண்டிக்கு வண்டி பேசும் சி.பி. ரேடியோவுக்கு ஏரியலின் தரம் இன்னும் அவசியம். அது இயங்கும் 27 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 11 மீட்டர். கால் பங்கு 2¾ மீட்டர். வண்டிக்கு அது மிகையாதலால், கம்பிச்சுருள் சேர்த்துக் குறுக்கிய ஏரியல்கள் விற்கப்படுகின்றன. நீளம் பொருந்தாவிடின் அனுப்பிய சக்தி பெட்டிக்கே திரும்பி அதைச் சூடாக்கிக் கெடுக்கும். நிலையலை விகிதமானி கொண்டு சோதித்து, விகிதம் 2-க்கு மேற்படாதவாறு கம்பியைச் சரிப்படுத்திய பின்னரே பேச வேண்டும். இந்தியாவில் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட்டுக்கு மேற்படாத கருவிகளுக்கு 2005-ம் வருஷத்து விதிகள் லைசென்ஸ் விலக்கு அளித்தன. அதிக வாட் என்று ஆசை காட்டுவோரின் சரக்கு அவ்விலக்கில் அடங்காது.

வைக்கோல் பாரம் ஏற்றும்போதும், வயலின் குறுக்கே தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகளின் கீழே வண்டியைச் செலுத்தும்போதும் ஏரியலை முன்னதாகவே இறக்கிவிட வேண்டும். இடி மின்னல் வேளையில் திறந்த டிராக்டரில் அமர்ந்து ரேடியோ கேட்டல் ஆகாது.