நாலு வரி அட்டவணை, இருபது வருட வாக்கு

வீட்டில் பழைய எல்ஐசி பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். திட்டமும் காலமும் குறித்த கட்டத்தில் 75-20 என்று இருக்கலாம். ஏஜென்டிடம் அந்த எண்ணைச் சொன்னாலே போதும், இருபது வருட மணிபேக் என்று புரிந்துகொள்வார். ஒரு லட்ச ரூபாய் பாலிசிக்கு 5, 10, 15-ஆம் வருட முடிவுகளில் தலா 20,000 ரூபாய். இருபதாவது வருடம் 40,000 ரூபாயும் போனஸும். நடுவில் பாலிசிதாரர் இறந்தால், அதுவரை வாங்கிய பணத்தைக் கழிக்காமல் முழு ஒரு லட்சமும் குடும்பத்துக்கு.

இந்தத் திட்டத்தின் விற்பனை எப்போதோ நின்றுவிட்டது. ஆனால் கடைசி வருடங்களில் எடுத்த பாலிசிகள் இன்னும் ஓடுகின்றன. அதற்குள் கணினிகள் எத்தனையோ முறை மாறிவிட்டன. கொடுத்த வாக்கு மட்டும் மாறக் கூடாது. ஆயுள் காப்பீட்டு மென்பொருளின் சிக்கலே இதுதான்.

முன்பெல்லாம் விதிகளை நிரலுக்குள்ளேயே எழுதிவிடுவார்கள். புதுத் திட்டம் வந்தால் நிரலைப் பிரித்து மேய வேண்டும். இன்றைய மென்பொருளில் விதிகள் தனி அட்டவணையில் இருக்கின்றன. ‘இந்தத் திட்டத்துக்கு இந்த வருடம் எத்தனை சதவீதம்?’ என்று நிரல் அட்டவணையைக் கேட்கும். 75-20-க்கு நாலு வரி. 93-25 என்ற இருபத்தைந்து வருட மணிபேக்குக்கு ஐந்து வரி: நாலு முறை 15 சதவீதம், கடைசியில் 40. நிரலில் ஓர் எழுத்துகூட மாற வேண்டாம்.

அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. தனிநபர் ஆயுள் காப்பீட்டு பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை. அதற்காகப் பழைய விகிதத்தை அழித்தால் 2023-இல் கட்டிய பிரீமியத்தின் ரசீது தப்பாகிவிடும். அட்டவணையின் பழைய பதிவு 21-ஆம் தேதியோடு முடியும். அடுத்த நாள் புதுப் பதிவு தொடங்கும்.

இதைவிடக் கடினமான வேலை, நடந்ததைப் பின்னோக்கிப் பிரிப்பது. பிரீமியத்துக்குக் கொடுத்த காசோலை திரும்பி வருகிறது. அதற்குள் அந்த பாலிசியில் வேறு பதிவுகளும் விழுந்துவிட்டன. துணிக்கடையில் அடியிலிருக்கும் புடவையை எடுப்பது போல, மேலே உள்ளவற்றை ஒவ்வொன்றாக இறக்கி, காசோலைப் பதிவை நீக்கி, மீண்டும் அதே வரிசையில் அடுக்க வேண்டும். கடைசி இருப்பை மட்டும் வைத்திருக்கும் மென்பொருளால் இது முடியாது. ஒவ்வொரு நிகழ்வும் தேதியோடு பதிவாகியிருக்க வேண்டும்.

புதுத் திட்டத்தைச் சீக்கிரம் சந்தைக்குக் கொண்டுவரலாம் என்பதுதான் இத்தகைய மென்பொருளுக்குப் பெரிய விளம்பரம். என் பார்வையில், பழைய பாலிசியை ஒரு பைசா பிசகாமல் காப்பதே அதன் பெருமை. அட்டவணையில் ஓர் இலக்கம் தவறினால் அந்தத் திட்டத்தில் சேர்ந்த அத்தனை பேருக்கும் தவறும். அதனால்தான் காப்பீட்டுக் கணக்கீட்டு வல்லுநர்களான ஆக்சுவரிகள் தனியே கணக்கிட்டு, மென்பொருளின் விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

ஆனால் பதிவில் இருப்பது மட்டுமே மென்பொருளுக்குத் தெரியும். மூடிய வங்கிக் கணக்குக்கு அனுப்பிய முதிர்வுப் பணம் திரும்பிவிடும். கல்யாணத்துக்கு முன் எழுதிய நாமினி பெயர், நீங்கள் மாற்றாதவரை அப்படியே இருக்கும். பத்திரத்தை எடுத்த கையோடு நாமினி, செல்பேசி எண், வங்கிக் கணக்கு மூன்றையும் சரிபார்த்துவிடுங்கள்.