சோபாவுக்கு எந்த ஸ்ப்ரேயர்?

சோபா சுத்தம் செய்யும் தொழிலில், வாக்குவம் போட்டுத் தூசியை எடுத்த பிறகு, அழுக்கை இளக்க ஒரு கரைசலை அடித்துச் சில நிமிஷம் ஊற விடுவார்கள். இதுக்குப் பேர் ப்ரீ-ஸ்ப்ரே. எந்த கெமிக்கல் நல்லது என்ற பேச்சுதான் எங்கேயும். ஆனால் துணிக்குள் எவ்வளவு ஈரம் இறங்கும் என்பதை முடிவு பண்ணுவது, அதை அடிக்கிற கருவி.

இது ஏன் முக்கியம்? துணிக்குக் கீழே தடிமனான ஸ்பாஞ்சு. பழைய சோபா என்றால் அதுக்கும் கீழே சாக்குத்துணி, மரச்சட்டம். ஸ்பாஞ்சு குடித்த தண்ணி லேசில் வெளியே வராது. மெதுவாகக் காயும்போது அடியில் இருக்கும் அழுக்கும், சாக்கு, பருத்தியிலிருந்து வரும் பழுப்பும் மேலேறி, துணியில் கறையாக நின்றுவிடும். சுத்தம் செய்த மறுநாள் சோபா முன்னைவிட மோசமாகத் தெரிவது இதனால்தான்.

சேலம், நாமக்கல் பக்கம் எந்த ஊரிலும் சுலபமாகக் கிடைப்பது, வயலுக்கு மருந்தடிக்கும் 16 லிட்டர் பேட்டரி ஸ்ப்ரேயர். அதை சோபாவுக்குப் பயன்படுத்தலாமா? புதுசு என்றால், நாசிலை மாற்றினால், பயன்படுத்தலாம். விசிறி மாதிரி அடிக்கும் தட்டை நாசில்களுக்கு உலகம் முழுக்க ஒரே நிறக்கணக்கு உண்டு. 3 பார் அழுத்தத்தில் ஆரஞ்சு (01) நிமிஷத்துக்குச் சுமார் 0.4 லிட்டர் விடும். மஞ்சள் (02) 0.8 லிட்டர்; நீலம் (03) 1.2 லிட்டர். ஒரே சோபாவில் ரெண்டு நிமிஷம் அடித்தால் ஆரஞ்சில் 0.8 லிட்டர், நீலத்தில் 2.4 லிட்டர். வித்தியாசம் முழுக்க ஸ்பாஞ்சுக்குள் போகும். அழுத்தத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பாதி அளவு தண்ணி வர, அழுத்தத்தைக் கால்வாசியாக்க வேண்டும். அப்போது விசிறி கலைந்து திட்டுத்திட்டாக விழும்.

ஒன்றிரண்டு சோபாவுக்கு 2 லிட்டர் கைப்பம்பு ஸ்ப்ரேயரே போதும். சாயம் போகுமோ என்று சந்தேகமுள்ள துணிக்கும், கார் சீட்டுக்கும் விசைக்குப்பி நல்லது. ஒரு அழுத்துக்குச் சுமார் 1 மில்லிதான் வரும், கை கணக்கில் நிற்கும். கார் சீட்டுக்கு அடியில் ஒயரும் சென்சாரும் இருப்பதை மறக்கக் கூடாது. பட்டு மாதிரித் துணிக்கு ஸ்ப்ரேயே வேண்டாம். நுரையை மட்டும் வெள்ளைத் துண்டில் எடுத்துத் தடவினால் போதும். ரொம்ப நுண்ணிய பனியாக அடிக்கும் நாசிலைத் தவிர்க்கணும். அது அடிக்கிறவர் மூச்சிலும் போகும்.

வாங்கும்போது வாசரையும் கேளுங்கள். ஆரஞ்சுத் தோல் எண்ணெய் கலந்த கரைசல் சாதா ரப்பரை ஊதவைத்துவிடும். விட்டான் வாசர் தாங்கும். இன்னொன்று, நம்ம போர் தண்ணி. குடிநீருக்கு இந்தியத் தரநிலை ஏற்கும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம். உப்புத் தண்ணியில் கலந்தால் நாசிலில் வெள்ளை படியும், மருந்தின் வேகமும் குறையும். காவிரித் தண்ணியோ ஆர்.ஓ. தண்ணியோ பிடித்துக் கலப்பது நல்லது. சித்திரை வெயிலில் அடித்தது ஊறுவதற்குள் காய்ந்துவிடும். அதுக்காக அளவைக் கூட்டாமல், ஒவ்வொரு சீட்டாக அடித்து முடிக்கணும்.

கடைசியாக, பழைய மருந்து டேங்க். களைக்கொல்லி அடித்த டேங்கைப் பருத்திக்கு எடுக்க விவசாயியே யோசிப்பார். 2,4-டி எவ்வளவு கழுவினாலும் ஹோஸிலும் வாசரிலும் கொஞ்சம் தங்கும், பருத்தி இலையே சுருண்டுவிடும். அதே டேங்கால் அடித்த சோபாவில் குழந்தை முகம் புதைத்துத் தூங்கும். இரவல் டேங்க் வேண்டாம். சோபாவுக்கென்று தனியாக ஒன்று வாங்கி, மேலே பெயின்ட்டில் எழுதி வையுங்கள். வேலைக்கு ஆள் கூப்பிடுகிறவர்களும், "இந்த டேங்க் வேற எதுக்காவது போகுதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.